வயதான பெற்றோருக்கு எந்தக் கப்பல்? நிறுவனத்தின் பெயரைக் கடைசியாகப் பாருங்கள்

"எழுபது தாண்டிய அம்மா அப்பாவைக் கப்பல் சுற்றுலா அழைத்துப் போக ஆசை. ராயல் கரீபியன், ரிசார்ட்ஸ் வேர்ல்டு, கோர்டீலியா, இதில் வயதானவர்களுக்கு எது நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறீர்கள், பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள், விசா எடுத்து வரவழைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் நிலைமையும் அதுதான். அம்மாவுக்கு 73 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, சர்க்கரையும் உண்டு. அப்பாவுக்கு 78, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நன்றாக நடப்பார், காது மட்டும் மந்தம். இருவரும் திருச்சியில் இருக்கிறார்கள். நான் எந்தக் கப்பல் நிறுவனத்துக்கும் ஏஜென்ட் இல்லை. இதைப் படித்து நீங்கள் எதில் பதிவு செய்தாலும் எனக்கு ஒரு வெள்ளி வராது.

கேள்வியை நீங்கள் கேட்டிருக்கும் விதம்தான் எனக்குச் சுருக்கென்றது. எல்லோரும் நிறுவனத்தின் பெயரை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். வயதானவர்களோடு போகும்போது முதலில் கேட்க வேண்டியது, கப்பல் ஒவ்வொரு ஊரிலும் துறைமுக மேடையை ஒட்டி நிற்கிறதா, இல்லை நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டுப் படகில் இறக்குகிறதா என்பது. அந்தப் படகுக்கு டெண்டர் என்று பெயர். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்து, அங்கே படகைக் கட்டி, அதில் ஆட்களை ஏற்றிக் கரைக்கு அனுப்புவார்கள்.

முதல் முறை என் கணவர் வீட்டில் சிபாரிசு செய்த ஒரு ஏஜென்ட் மூலம் பதிவு செய்தோம். மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய்விட்டு சிங்கப்பூர் திரும்பும் பயணம். "அம்மாவால் படி ஏறி இறங்க முடியாது, எல்லா ஊரிலும் இறங்க வழி இருக்கிறதா?" என்று தெளிவாகக் கேட்டேன். "எல்லா மாடிக்கும் லிஃப்ட் இருக்கு மேடம், கவலையே படாதீங்க" என்றார். லிஃப்ட் இருந்தது உண்மைதான். புக்கெட்டில் கப்பல் பாதோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டது. கீழ்த்தளத்தில் வரிசையில் நின்று கதவருகே வந்தால், படகு அலையில் ஏறி ஏறி இறங்குகிறது. ஊழியர்கள் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து, படகு மேலே வரும் நொடி பார்த்து "இப்போது வையுங்கள்" என்று கால் வைக்கச் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒவ்வொருவரையும் அத்தனை பொறுமையாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அம்மா அந்த இடைவெளியைப் பார்த்தார், என் கையை விட்டார். "நீங்க பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்கம்மா, நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

கணவரையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு நானும் அப்பாவும் அம்மாவோடு கப்பலிலேயே இருந்துவிட்டோம். பார்க்காமல் விட்ட ஊரைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. "என்னால உங்களுக்கும் போச்சு" என்று அம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய், தான் ஒரு பாரம் என்று அம்மாவை நினைக்க வைத்துவிட்டார் அந்த ஏஜென்ட். திரும்பி வந்து கேட்டால், "கப்பல்காரங்க கடைசி நேரத்துல மாத்திட்டாங்க" என்றார். விசாரித்தபோதுதான், அந்தக் கப்பல் அங்கே வழக்கமாகவே படகில்தான் இறக்கும் என்று தெரிந்தது.

அதே பயணத்தில் பினாங்கு எப்படி இருந்தது தெரியுமா? ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் மேடையை ஒட்டி நின்றது. சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டே வெளியே வந்தால் ஜார்ஜ் டவுன். கொஞ்ச தூரத்தில் குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833-இல் கட்டியது. சுற்றிலும் லிட்டில் இந்தியா. அம்மா பூக்கடைக்காரம்மாவிடம் ஊர் விவகாரம் எல்லாம் பேசி, முழம் என்ன விலை என்று பேரம் பேசிப் பூ வாங்கினார். வாடகை வண்டிகூடத் தேவைப்படவில்லை. ஒரே கப்பல், ஒரே நிறுவனம், ஒரே அம்மா. இரண்டு நாளும் இரண்டு விதமாக ஆனதற்குத் துறைமுகம்தான் காரணம்.

மலேசியாவின் கிள்ளான் துறைமுகம் இருக்கும் பயணமென்றால், அங்கேயும் கப்பல் மேடையில்தான் நிற்கும். ஆனால் கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் உட்கார வேண்டும். பத்துமலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்வார்கள். 272 படி ஏறினால்தான் குகைக் கோயில். ஏற முடியாதவர்கள் கீழே இருக்கும் 42.7 மீட்டர் முருகன் சிலையை வணங்கிவிட்டு வரலாம். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாறக் கூடாது.

பருவமும் முக்கியம். பினாங்கு, கிள்ளான் இருக்கும் மலாக்கா நீரிணைக்குச் சுமத்ரா ஒரு சுவர் மாதிரி நிற்பதால் பெரும்பாலும் ஆட்டம் குறைவு. முதல் முறை கப்பல் ஏறும் பெரியவர்களுக்கு அந்தப் பக்கம்தான் என் தேர்வு. புக்கெட் இருக்கும் அந்தமான் கடலில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அலை அதிகமானால் படகு இறக்குவதையே நிறுத்திவிடுவார்கள்.

சரி, நீங்கள் கேட்ட நிறுவனங்களுக்கு வருகிறேன்.

ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள் ஏறத்தாழ 348 மீட்டர் நீளம், அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே 4,000 பேருக்கு மேல் ஏறுவார்கள். ரிசார்ட்ஸ் வேர்ல்டின் (2025-இல் ஸ்டார்டிரீம் என்று பெயர் மாறிவிட்டது) கெந்திங் டிரீம் கப்பல் ஏறத்தாழ 335 மீட்டர். இந்த நீளத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்கோடியில் அறை கொடுத்து, சாப்பாட்டுக் கூடம் முன்கோடியில் இருந்தால், முழங்கால் வலிக்காரருக்கு ஒரு வேளைச் சாப்பாடே நடைப்பயணம். அதனால் எந்தப் பெரிய கப்பலானாலும் நடுப்பகுதியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை கேளுங்கள். நடுப்பகுதியில் கீழ்த்தளமாக இருந்தால் ஆட்டமும் குறைவு. பெரிய ஜன்னல், பால்கனி என்று ஆசைப்பட்டுக் கப்பலின் முன்மூக்கில் உயரத்தில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இந்திய நிறுவனமான கோர்டீலியாவின் எம்ப்ரஸ் கப்பல் 211 மீட்டர்தான். நடை குறைவு, வழி தவறாது, கப்பலில் தமிழ் இந்தி பேச ஆள் கிடைக்கும், இந்தியாவிலிருந்தே கிளம்புவதால் பெற்றோர் விமானம் ஏற வேண்டியதில்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை போகும் பயணத்தைத் தொடங்கினார்கள். ஊரை விட்டு அதிக தூரம் போக மனமில்லாத பெரியவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அது 1990-இல் கட்டிய கப்பல், அறைகள் சிறியவை. சிறிய கப்பல் அலையை அதிகம் உணரும். ஆண்டு முழுக்கச் சென்னையிலிருந்து கிளம்பாது, மும்பைதான் அதற்கு முக்கியத் தளம். லட்சத்தீவு போகும் பயணமென்றால் பெரிய கப்பல் கரைக்கு வரவே முடியாது, படகில்தான் இறங்க வேண்டும். மேலே சொன்ன கதைதான்.

சாப்பாட்டில், சைவம், சமணர் உணவு என்று தனியாகக் கவனம் எடுப்பது ரிசார்ட்ஸ் வேர்ல்டு. ராயல் கரீபியனிலும் சிங்கப்பூர்ப் பயணங்களில் இந்திய உணவு வைக்கிறார்கள். அப்பாவுக்குக் கடைசியில் தயிர்சாதம் இருந்தால் போதும், எங்கேயும் கேட்டால் தயிரும் சோறும் கொடுத்தார்கள். மின்சார அரிசிக் குக்கரைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாமா என்று யோசிக்காதீர்கள், தீ ஆபத்து என்று வாங்கி வைத்துவிடுவார்கள்.

வயதானவர்களுக்கென்றே கப்பல்கள் இருக்கின்றன என்று யாராவது வந்து சொல்வார்கள். உண்மைதான். வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் 18 வயதுக்குக் கீழ் யாரையும் ஏற்ற மாட்டார்கள், சூதாட்டக் கூடம் கிடையாது. முதலில் கட்டிய கப்பல்களில் ஏறுவதே 930 பேர்தான். பிரிட்டனின் சாகா நிறுவனம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கானது. ஹாலந்து அமெரிக்கா என்ற நிறுவனத்தின் கப்பல்களிலும் பெரியவர்கள் அதிகம். இவை நல்ல கப்பல்கள். ஆனால் வயதானவர் என்றாலே அமைதியைத்தான் விரும்புவார் என்று ஏன் முடிவு செய்கிறோம்? என் அம்மாவுக்குப் பேரப்பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். அப்பா நீச்சல் குளத்தருகே உட்கார்ந்து யார் வீட்டுப் பிள்ளையோ குதிப்பதைப் பார்த்துக்கொண்டே மாலையைக் கழித்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சந்தடிதான் சந்தோஷம். உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம், அவர்களிடமே கேளுங்கள். ஒன்று மட்டும், சிங்கப்பூரின் ஜூன், நவம்பர்-டிசம்பர் பள்ளி விடுமுறையைத் தவிருங்கள். லிஃப்டுக்கே காத்துக் கிடக்க வேண்டும், பெரியவர்கள் நின்றுகொண்டே இருக்க முடியாது.

அறையைப் பற்றி இரண்டு விஷயம். மூன்று பேரை ஒரே அறையில் போட்டால் மலிவு என்று ஏஜென்ட் ஆசை காட்டுவார். மூன்றாவது படுக்கை பல நேரம் கூரையிலிருந்து இறக்கும் மேல்தட்டுப் படுக்கை, ஏணி வைத்து ஏற வேண்டும். அப்புறம் குளியலறை வாசல். சாதாரண அறைகளில் அங்கே ஒரு தடுப்பு உயர்ந்து நிற்கும். அரைத்தூக்கத்தில் எழுந்து போகிறவர்கள் தடுக்கி விழ அது போதும். உடல் இயலாதவர்களுக்கான அறை என்று தனியாக உண்டு, தடுப்பு இல்லை, கதவு அகலம், பிடித்துக்கொள்ளக் கம்பி. எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் மாதக்கணக்கில் முன்பே கேட்டு வையுங்கள். சாதாரண அறையின் கதவு பல கப்பல்களில் ஏறத்தாழ 23 அங்குலம்தான், விரித்த சக்கர நாற்காலி நுழையாது. கப்பலில் தரும் நாற்காலி பெரும்பாலும் ஏறவும் இறங்கவும் மட்டும். மடக்கு நாற்காலி ஒன்றைச் சொந்தமாகக் கொண்டுபோவது நல்லது.

நாற்காலி என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. விமான நிலையத்தில் இந்தியப் பெரியவர்கள் வரிசையாக வீல்சேரில் உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்து, "விமானம் ஏறியதும் எல்லோரும் எழுந்து நடந்துவிடுவார்கள்" என்று கிண்டல் செய்து போடுகிறார்களே, அவர்களைக் கேட்கிறேன்: முழங்கால் தேய்ந்தவர் ஐம்பது அடி நடப்பார், ஐநூறு அடி நடக்க மாட்டார் என்று உங்களுக்குத் தெரியாதா? அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து கழிவறைக்கு நடந்ததை ஒருவர் முறைத்துப் பார்த்தார். அதன் பிறகு அம்மா நாற்காலி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து, வாசல் வரை நடந்து, அன்று இரவு கால் வீங்கிப் படுத்தார். ஆங்கில அறிவிப்பு புரியாமல், வழி கேட்கத் தயங்கி, துணைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக நாற்காலி கேட்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அதிலும் எனக்குத் தவறு தெரியவில்லை. அவர்களுக்கு வழிகாட்ட வேறு ஏற்பாடு செய்யாத விமான நிலையத்தைக் கேளுங்கள், கிழவிகளைக் கேட்காதீர்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் உங்கள் அம்மாவுக்கும் இது நடக்கும், தயாராக இருங்கள்.

"இந்த வயதில் கப்பல் எதற்கு, காசிக்குக் கூட்டிப் போயேன்" என்று சொல்பவர்களுக்கு: காசிக்கும் போனோம். இரண்டும் வேண்டும். முப்பது வருடம் எங்களுக்காகவே செலவு செய்தவர்கள் ஒருமுறை கடலைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பதை ஆடம்பரம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உடல்நிலை விஷயம் வேகமாகச் சொல்கிறேன். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் பார்ப்பதற்குக் கட்டணம், டாலரில், உங்கள் அறைக் கணக்கில் ஏறும். பெரிய சிகிச்சை என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள். அதனால் பயணக் காப்பீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள், கப்பல் பயணம் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். அறையில் இருக்கும் குட்டிக் குளிர்பெட்டி பல கப்பல்களில் லேசாகத்தான் குளிர்விக்கும். இன்சுலின் வைப்பதென்றால் மருத்துவப் பிரிவில் கேளுங்கள். நம் ஊரில் வாந்திக்கு அவோமின் சாதாரணமாகப் போடுகிறோம். பெரியவர்களுக்கு அது தூக்கக் கலக்கம் தரும், ஆடும் கப்பலில் விழுந்துவிடுவார்கள். புராஸ்டேட் வீக்கம் இருக்கும் ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கவும் கூடும். ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டிக்கெட் விலையை ஒப்பிடும்போது ஊழியர்களுக்கான சேவைத் தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு, நாளுக்கு என்று தனியாகக் கணக்கில் ஏற்றுவார்கள். கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியே போய்த் திரும்புவதால் பெற்றோரின் விசா பலமுறை நுழையக் கூடியதா என்பதையும், பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதம் உயிர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எந்த மாதம் போகிறீர்கள், எந்தெந்தத் துறைமுகம், அம்மா அப்பாவால் எவ்வளவு நடக்க முடியும் என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால் எதை எடுக்கலாம் என்று பெயரோடு சொல்கிறேன்.