அச்சகத்து அண்ணன் பதில்கள்

கேள்வி: எங்கள் பாலர் பள்ளியின் பயிற்சித் தாள், வாழ்த்து அட்டை எல்லாவற்றையும் 'காமிக் சான்ஸ்' எழுத்தில்தான் அடிக்கிறேன். கணினி படிக்கும் என் தம்பி மகன், "அத்தை, பாக்கிறவங்க சிரிப்பாங்க" என்கிறான். கோயில் திருவிழா நோட்டீசையும் அதிலேயே அடிக்கலாம் என்று இருந்தேன். தமிழ் மட்டும் ஏன் வேறு மாதிரி வருகிறது?
– ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: டீச்சர், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த எழுத்து பிறந்ததே ஒரு நாய் பேசுவதற்காகத்தான். 1994-ல் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த வின்சென்ட் கானேர், 'பாப்' என்ற மென்பொருளில் கார்ட்டூன் நாய் ஒன்று டைம்ஸ் நியூ ரோமனில் பேசுவதைப் பார்த்தார். லண்டன் பத்திரிகைக்காகச் செய்த எழுத்து நாய் வாயில் வந்தால் ஒட்டுமா? காமிக்ஸ் புத்தகங்களில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்துப் புதிதாக வரைந்தார். பாப் வெளிவருவதற்குள் வேலை முடியவில்லை. ஆனாலும் விண்டோஸ் 95 காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கேலியும் கூடவே வந்தது. 2012-ல் ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகளைப் பற்றிய ஆய்வு முடிவை ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் இந்த எழுத்தில் காட்டியபோது, துகளை விட்டுவிட்டு எழுத்தைப் பற்றிப் பேசியவர்களும் உண்டு.

பிள்ளைகளுக்கு இது நல்லது. ஆங்கிலத்தின் சின்ன 'ஏ' நீங்கள் பலகையில் எழுதிக் காட்டுவதுபோல் ஒரு வட்டமும் ஒரு கோடுமாகவே இருக்கும். பெரிய 'ஐ'க்கு மேலும் கீழும் கோடு உண்டு. சின்ன 'எல்'லோடு குழம்பாது. வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஏற்ற எழுத்துகளில் ஒன்றாக பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கமும் இதைச் சொல்கிறது.

தமிழுக்கு வருவோம். காமிக் சான்ஸில் தமிழே கிடையாது. கணினி தன்னிடம் இருக்கும் தமிழ் எழுத்துகளான லதாவையோ நிர்மலாவையோ கூப்பிட்டு அந்த இடத்தில் நிற்க வைத்துவிடும். அதனால்தான் மலாயில் 'செலாமாட் ஹரி ஜாடி' ஆடிக்கொண்டு வர, கீழே 'பிறந்தநாள் வாழ்த்து' தலைமையாசிரியர் மாதிரி விறைப்பாக நிற்கிறது. இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த 'கவிவனார்' என்ற தமிழ் எழுத்து கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். சாய்ந்த கையெழுத்து, ஆங்கில எழுத்தும் அதிலேயே இருப்பதால் இரண்டும் ஒட்டிப் போகும். தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையால் எழுதினால் 'அம்மம்மா'வில் ஒரு 'ம' மாதிரி இன்னொன்று இருக்காது. இதில் எல்லாம் ஒரே அச்சு. பக்கம் முழுக்க ஓட்டினால் வேஷம் கலைந்துவிடும்.

கோயில் நோட்டீசில் அம்மன் பெயர், பூஜை நேரம், உபயக்காரர் பட்டியல் எல்லாம் நேர் எழுத்தில் இருக்கட்டும். வர்ணம் தீட்டும் போட்டிக்கு மட்டும் உங்கள் விருப்பம். கருமக்கிரியை அறிவிப்பை இப்படி ஆடும் எழுத்தில் கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். காசு கொடுத்தாலும் அடிப்பதில்லை.

கேள்வி: ரொட்டி சானாய் கடை போர்டுக்குக் கையெழுத்து ஃபாண்ட் சரியா?
– ஒரு கடைக்காரர், பகாவ்

பதில்: லாரிக்காரர் ஓட்டிக்கொண்டே படிக்க வேண்டும், கடைப் பெயரைத் தடித்த எழுத்தில் போடுங்கள். விலைக்கு ஃபாண்டே வேண்டாம், சாக்பீஸால் எழுதுங்கள். மாவு விலை ஏறும்போது அழிக்க வசதி.