பழைய பிரிட்டிஷ் ‘மினி’ (Mini) காரில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே ஏறி நிற்பது ஏன்?

இரண்டும் ஒரே நேரத்தில் தப்புக் காட்டினால் மீட்டர்களைக் கழற்றாதீர்கள். கோளாறு பெரும்பாலும் அவற்றுக்குப் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரில்தான். மீட்டர் பெட்டியின் பின்னால் இருக்கும் சின்னத் தகர டப்பா அது. உள்ளே ஈருலோகத் தகடு ஒன்று சூடாகி வளைந்து, தொடர்பை விட்டுவிட்டுத் துண்டிக்கும். சராசரியாக 10 வோல்ட் போகும். டப்பாவின் எர்த் (வண்டியின் உடம்போடு சேரும் இணைப்பு) துருப்பிடித்தால் தகடு சூடாகாமல் துண்டிப்பு நின்று, பேட்டரியின் முழு வோல்டேஜும் பாயும். முள் ஏறிவிடும்.

முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் திருகையும் அது தொடும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். எனக்குத் தெரிந்து பாதி வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும். அப்படியும் இறங்கவில்லையா? டப்பாவை மாற்றுங்கள். எலக்ட்ரானிக் மாற்று வாங்கினால் வண்டி நெகட்டிவ் எர்த்தா, பாசிட்டிவ் எர்த்தா (பேட்டரியின் எந்த முனை வண்டி உடம்போடு இணைந்திருக்கிறது) என்று பார்த்து வாங்குங்கள். ஒரு முள் மட்டும் தகராறு செய்தால் சந்தேகம் சென்சார் பக்கம்.