நைட் ஷிப்ட், ஓவர்டைம், தூக்கம்: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

ஸ்லீப் லேப்ல ஒன்பது வருஷமா டெக்னீஷியனா இருக்கேன். படுக்கைல ஒருத்தர் தூங்குவார், அவர் மூச்சு, மூளை, ரத்தத்துல ஆக்ஸிஜன் எல்லாம் விடியுற வரைக்கும் மானிட்டர்ல பார்ப்பேன். வந்த கேள்விகளும் பதிலும் கீழ.

அண்ணா, ஓஎம்ஆர்ல வேலை, ராத்திரி 9ல இருந்து காலைல 6. பகல்ல எட்டு மணி நேரம் படுத்தாலும் அசதி போகல, ஏன்?

படுத்தது எட்டு தம்பி, தூங்குனது அஞ்சு இருந்தா அதிகம். உடம்புக்குள்ள இருக்குற கடிகாரம் வெளிச்சத்தை வெச்சு ஓடுது, இருட்டுனா தூக்கத்தைக் கூட்டிட்டு வர்ற மெலடோனின்ங்கிற ஹார்மோன் சுரக்கும், விடிஞ்சா நின்னுடும், அதனால நீங்க படுக்குற நேரத்துல உடம்பு எந்திரிக்க ரெடியாயிட்டு இருக்கும், அதுக்கு மேல தெருவுல காய்கறி வண்டி, பக்கத்து வீட்டு குக்கர் விசில். காலைல ஆபீஸ் வண்டில வீட்டுக்கு வரும்போதே கூலிங் கிளாஸ் போடுங்க, ரூம்ல கெட்டியான கறுப்பு திரை. வாரா வாரம் ஷிப்ட் மாத்துனா உடம்பு எதுக்கும் பழகாது, ஒரே ஷிப்ட் கேட்டுப் பாருங்க.

ஒரு நைட்டுக்கு அஞ்சு காபி ஆகுது, தப்பா?

காபி இறங்க நேரமாகும். காலைல 4 மணிக்கு குடிச்சதுல பாதி 9 மணிக்கும் ரத்தத்துல இருக்கும். ராத்திரி 2 மணிக்கு மேல வேண்டாம்.

ஆறு மணி நேர தூக்கம் பழகிடும்னு எங்க டீம் லீட் சொல்றார், நிஜமா?

இல்ல. ரெண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்க விட்டு சோதிச்சிருக்காங்க, கவனம் நாளுக்கு நாள் இறங்கிட்டே போச்சு, ஆனா அவங்களை கேட்டா லேசா தூக்கம் வருது, அவ்ளோ தான்னாங்க. கெட்டுப்போனதே தெரியாம போறது தான் எனக்கு பயம்.

சார், வீட்டுக்காரர் திருப்பூர்ல டெய்லர். தினம் ஒன்றரை ஷிப்ட், ஆர்டர் அவசரம்னா ராத்திரி 1 மணி ஆகும், பைக்ல தான் வருவார். பி.பி இருக்கு, பயங்கர குறட்டை, நடுவுல மூச்சே நிக்குது. ஓவர்டைம் இல்லாம வட்டி கட்ட முடியாது.

அக்கா, மூச்சு நிக்குறதை தள்ளிப் போடாதீங்க. தொண்டை அடைச்சு ஆக்ஸிஜன் இறங்கும்போதெல்லாம் மூளை பதறி எழுப்பும், ஒவ்வொரு தடவையும் பிரஷர் எகிறும், மாத்திரை போட்டும் பி.பி குறையலைன்னா அதுக்கு இது காரணமா இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் தூங்கும்போது ரெண்டு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்துட்டு போங்க, டாக்டருக்கு ரொம்ப உதவும்.

வாரம் 55 மணி நேரத்துக்கு மேல வேலை செஞ்சா பக்கவாதம் வர்ற வாய்ப்பு 35 சதவீதம் கூடுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லுச்சு. இன்னொன்னு, 17 மணி நேரம் முழிச்சிருந்தா ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்குற ஆள் மாதிரி தான் கவனம் இருக்கும், நம்ம நாட்டுல வண்டி ஓட்ட அனுமதி 0.03 தான். ஆறு மணிக்கு எந்திரிக்கிறவர் ராத்திரி 11 மணிக்கே அந்த நிலைக்கு வந்துடுறார், அதுக்கப்புறமும் ஊசி ஓட்டிட்டு பைக் எடுக்குறார். 1 மணி ஆகுற நாள்ல கம்பெனி வேன் இருக்கான்னு கேக்க சொல்லுங்க.

ஓவர்டைம்க்கு சட்டப்படி டபுள் சம்பளம். அது முழுசா கிடைச்சாலே வாரத்துல ரெண்டு நாள் சீக்கிரம் வர முடியுமான்னு உக்காந்து கணக்கு போடுங்க. டாக்டர் தூக்க டெஸ்ட் எடுக்கச் சொன்னா, அந்த ரிப்போர்ட் வந்ததும் சொல்லுங்க அக்கா, வரி வரியா படிச்சு விளக்குறேன்.