“அதெல்லாம் நான் சாப்பிடறதில்லை”: டயட்டுக்குப் பின்னால் ஒளியும் நோய்

உணவு விலக்கு எப்போது நோயாகிறது? வாசகர்களின் கேள்விகளுக்கு, உண்ணுதல் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் உணவியல் நிபுணரும் இணைந்து பதில் அளிக்கிறார்கள்.

என் மகளுக்கு 17 வயது. எட்டு மாதங்களுக்கு முன்பு விலங்குகள் மீதான இரக்கத்தால், இறைச்சி, முட்டை, பால் எதுவும் உண்ணாத வீகனாக மாறுவதாகச் சொன்னாள். நானும் சம்மதித்தேன். பிறகு எண்ணெய் கூடாது என்றாள். இப்போது கொட்டைகளும் கூடாதாம். 53 கிலோ இருந்தவள் 45 கிலோ ஆகிவிட்டாள். பார்ப்பவர்கள் எல்லாம் ‘என்ன ஒரு கட்டுப்பாடு’ என்று பாராட்டுகிறார்கள். இது கொள்கையா, நோயா?

எண்ணெயும் கொட்டைகளும் செடிகொடிகளிலிருந்து வருபவை. அவற்றை ஒதுக்குவதால் எந்த விலங்கும் பிழைக்கப்போவதில்லை. வீகன் என்ற பெயருக்குள் கொழுப்பைப் பற்றிய பயம் புகுந்துகொண்டது என்பதற்கு இதுவே முதல் அடையாளம். கொள்கைக்காக மாறியவர்கள் மாற்று உணவைத் தேடுவார்கள். பாலும் வெண்ணெயும் சேர்க்காத கேக் கிடைத்தால் மகிழ்ந்து சாப்பிடுவார்கள். நோய் பிடித்தவர்களுக்கோ மாற்று கிடைப்பதே சங்கடம். அந்த கேக்கை நீட்டினால் ‘சர்க்கரை அதிகம்’, ‘பசியில்லை’ என்று அடுத்த காரணம் வரும்.

எது முதலில் வந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். வீகன் ஆவதற்கு முன்பே கலோரி எண்ணுவதும் அடிக்கடி எடை பார்ப்பதும் தொடங்கியிருந்தால், கொள்கை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் நாங்கள் சந்தேகிப்போம். விதி தவறினால் என்ன நடக்கிறது என்பது அதைவிட முக்கியம். தெரியாமல் பால் கலந்ததைச் சாப்பிட்டுவிட்டால் கொள்கைக்காரர் வருத்தப்படுவார். அடுத்த வேளை வழக்கம்போல் சாப்பிடுவார். நோய் இருந்தால் தண்டனை இருக்கும். அடுத்த வேளையைத் தவிர்ப்பது, அதிகமாக ஓடுவது, வாந்தி எடுப்பது என்று ஏதாவது ஒரு வடிவில் அது வரும்.

‘ஆரோக்கிய உணவு’ என்பதே பிடிவாதமாக முற்றிவிடும் நிலைக்கு ஸ்டீவன் பிராட்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் 1997-ல் ஆர்த்தோரெக்ஸியா என்று பெயர் வைத்தார். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் அது தனி நோயாக இல்லை. எனவே சரியான பெயர் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் மகள் எட்டு மாதத்தில் தன் எடையில் 15 சதவீதத்தை இழந்திருக்கிறாள். வளரும் வயதில் எடை கூடாமல் நிற்பதே கவலைக்குரியது. இது அதைவிடப் பெரிய எச்சரிக்கை. பார்வைக்கு ‘நார்மல்’ எடையில் தெரிந்தாலும் இந்த அளவு இழப்பு இதயத்தைப் பாதிக்கும்.

இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 5 நிமிடம் படுக்கவைத்து நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, எழுந்து நின்றதும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் பரிசோதனைகளும் தேவை. மாதவிடாய் தள்ளிப்போகிறதா, எப்போதும் குளிர்கிறது என்கிறாளா, எழுந்தால் தலை சுற்றுகிறதா என்பதையும் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பிவிடுகிறார்கள். பட்டினியை உடல் நெடுநாள் சமாளித்து ரத்த அளவுகளைக் காப்பாற்றும். அது குலையும்போது திடீரென்று குலையும்.

பதின்வயதினருக்கு நல்ல பலன் தரும் சிகிச்சை, பெற்றோரே உணவுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் குடும்பம்சார் சிகிச்சை. என்ன, எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்து, நீங்களே பரிமாறி, முடியும் வரை உடன் அமர்ந்திருப்பீர்கள். பொதுவாக 3 வேளை உணவு, 3 சிற்றுணவு. வீகனை விடச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், அது நோய்க்கு வாதாட இடம் கொடுக்கும். ‘விலங்கு உணவு வேண்டாம், சரி. எண்ணெயும் கொட்டையும் சோயாவும் தட்டில் இருக்கும்’ என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம். வீகன் உணவிலேயே எடை ஏறாவிட்டால் அந்த விதியையும் தளர்த்த வேண்டியிருக்கும். அதை மருத்துவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பாராட்டும் உறவினர்களிடம், அவள் உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட எதுவும் பேச வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாராட்டும் நோய்க்குத்தான் போய்ச் சேருகிறது.

வயிறு உப்புசத்துக்காகக் குளூட்டனை (கோதுமை போன்றவற்றில் உள்ள புரதம்) நிறுத்தினேன். பிறகு பால், பருப்பு, வெங்காயம். ஐஜிஜி ரத்தப் பரிசோதனையில் மேலும் 30 உணவுகள் ஒத்துக்கொள்ளாது என்று வந்தது. இப்போது 9 உணவுகள்தான் சாப்பிடுகிறேன். உப்புசம் கூடியிருக்கிறது. அடுத்து எதை நிறுத்துவது?

எதையும் நிறுத்தாதீர்கள். குறைவாகச் சாப்பிட்டால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். குடலின் அசைவும் மந்தமாகும். அதனால் நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்து உப்பும், மலச்சிக்கலும் வரும். ‘இதுவும் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று இன்னொன்றை நிறுத்துவீர்கள். குடல் இன்னும் மந்தமாகும். உண்ணுதல் கோளாறு ‘ஒவ்வாமை’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருப்பது பெரும்பாலும் இந்தச் சுழலுக்குள்தான். உபாதை உண்மையாக இருப்பதால் நோயாளியும் நம்புகிறார், வீட்டாரும் நம்புகிறார்கள்.

அந்த ஐஜிஜி பட்டியலை ஒதுக்கி வையுங்கள். ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்; ஒரு உணவை உடல் சந்தித்திருக்கிறது என்பதற்கான தடயம்தான் அது. அடிக்கடி சாப்பிடும் உணவுகள் அதில் வருவது இயல்பு. ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே கூறிவிட்டது.

குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்கிறதா என்பதை மட்டும் முறையாகப் பார்த்துவிடுங்கள். குளூட்டனை நிறுத்திய நிலையில் பரிசோதித்தால் நோய் இருந்தாலும் ‘இல்லை’ என்று வரலாம். குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் சாப்பிட்ட பிறகே ரத்தம் கொடுக்க வேண்டும்.

பிறகு விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். பயம் குறைவான உணவில் தொடங்கி, 3 நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போங்கள். முதல் சில வாரங்கள் உப்புசம் கூடும், அது எதிர்பார்த்ததுதான். அதுவரை ஒரேயடியாகச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுங்கள். வேகவைக்காத காய்கறிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவை வயிற்றை அடைக்கும், சக்தி தராது. உணவு வாயருகே வரும் முன்பே நெஞ்சு படபடக்கிறது என்றால் குடல் மருத்துவரோடு மனநல மருத்துவரும் தேவை. எளிதில் செரிக்காத சில மாவுச்சத்துகளை விலக்கும், குடல் நோய்க்கான லோ ஃபாட்மேப் டயட்டில்கூட விலக்கும் கட்டம் 2 முதல் 6 வாரம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

நான் 26 வயது ஆண். ஜிம் போகிறேன். 16 மணி நேர விரதமும், மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ டயட்டும். இரவில் கட்டுப்பாடு போய், வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறேன். மறுநாள் விரதத்தை 20 மணி நேரமாக்குகிறேன். மன உறுதி போதவில்லையா?

மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் தினமும் சுமார் 1,570 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், உணவையே கனவு கண்டார்கள். உணவு தாராளமாகக் கிடைத்த பிறகும் சிலருக்கு அடங்காத பசி நீடித்தது. உங்கள் இரவுப் பசியும் அப்படிப்பட்டதுதான்.

விரதத்தை நிறுத்துங்கள். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மாவுச்சத்தை ஒவ்வொரு வேளையிலும் சேருங்கள். இரவில் அளவு மீறினாலும் மறுநாள் காலை உணவைத் தவிர்க்காதீர்கள். சுழல் அறுபடுவது அந்த ஒரு வேளையில்தான். வாந்தியோ பேதி மாத்திரையோ இதில் சேர்ந்திருந்தால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு பிசகலாம், உடனே பரிசோதியுங்கள்.

என் தங்கை உடலின் நச்சை நீக்கும் ‘டீடாக்ஸ்’ என்று 12 நாள் எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் மட்டும் குடித்தாள். மிகவும் மெலிந்துவிட்டாள். இப்போது சாப்பிடச் சம்மதித்துவிட்டாள். வயிறாரப் போடலாமா?

போடாதீர்கள். முதலில் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 10 நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் ரீஃபீடிங் சிண்ட்ரோம் வரலாம். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கும். ஏற்கெனவே குறைந்திருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் பாயும். இதயமும் சுவாசத் தசைகளும் தடுமாறும், உயிரும் போகலாம்.

மருத்துவமனையில் முதலில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துவிட்டுத்தான் உணவைத் தொடங்குவார்கள். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் இத்தகையவர்களுக்கு நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல் ஆரம்பிக்கச் சொல்கிறது. 50 கிலோ எடைக்கு முதல் நாள் 500 கலோரிதான். 4 முதல் 7 நாட்களில் முழு அளவுக்கு உயர்த்துவார்கள். ரத்த அளவுகளைத் தொடர்ந்து பார்ப்பார்கள். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருப்பதும் ஆபத்து, பட்டினி அப்படியே தொடரும். முதல் வாரத்தில் கால் வீக்கம், மூச்சுத்திணறல், படபடப்பு, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய், எத்தனை நாள் சாப்பிடவில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.