பேட்டரி டிரில் வாங்கும் முன்: கேள்வி பதில்

பினாங்கில் 22 ஆண்டுகளாக அலமாரி, கதவு, திரைச்சீலைக் கம்பி பொருத்தும் வேலை செய்து வருகிறேன். சிறிய பேட்டரிக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, கையால் பழகித் தெரிந்துகொண்டதை வைத்து இங்கே பதில் எழுதுகிறேன்.

செந்தூலிலிருந்து ஒரு சகோதரி: கடையில் ஒரு டிரில்லில் 10.8 வோல்ட் என்றும், அடுத்ததில் 12 என்றும், மற்றவற்றில் 18, 20 என்றும் எழுதியிருக்கிறது. என் அடுக்குமாடி வீட்டுக்கு எது போதும்?

நீங்கள் பார்த்த நான்கு எண்களும் உண்மையில் இரண்டே வகைகளைக் குறிக்கின்றன. ஒரு லித்தியம் அயன் செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறியவுடன் அது 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். மூன்று செல்களை வரிசையாக இணைத்தால் ஒரு நிறுவனம் அதை 10.8 என்று அச்சிடும், இன்னொன்று 12 என்று அச்சிடும். ஐந்து செல்களை இணைத்தால் 18 அல்லது 20. ஆகவே 20 என்று எழுதியிருப்பது 18ஐ விட வலியது என்று எண்ணிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அலமாரிக் கீல், திரைச்சீலைக் கம்பி, பிள்ளைகளின் கட்டில், சமையலறைத் தட்டு ஆகியவைதாம் உங்கள் வேலை என்றால் மூன்று செல் வகையே போதும். பேட்டரியோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ எடை, சுமார் 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஏணியில் நின்று தலைக்கு மேலே பத்தாவது திருகைப் போடும்போது, 18 வகையைவிட அரைக் கிலோ குறைவாக இருப்பதன் அருமையை மணிக்கட்டு சொல்லும். வட்ட ரம்பம், கிரைண்டர் போன்றவற்றையும் அதே பேட்டரியில் நாள்தோறும் ஓட்டப் போகிறவர்கள் மட்டும் 18 வகைக்குச் செல்லுங்கள். ஜார்ஜ்டவுன் பழைய வீடுகளில் உள்ள, செங்கால் என்னும் கடின மர உத்தரத்தில் சிறிய டிரில் திணறும் என்பது மெய்தான். ஆனால் முதலில் மெல்லிய பிட்டால் வழித்துளை போட்டுவிட்டால் அங்கும் வேலை நடந்துவிடும். வழித்துளை இல்லாமல் செங்காலில் திருகு ஏற்றினால் 18 வோல்ட் கருவியும் திருகின் தலையைத்தான் முறித்துக் கையில் கொடுக்கும்.

கெப்போங்கிலிருந்து ஓர் அன்பர்: 18 வோல்ட் ஹாமர் டிரில் வாங்கியும் கான்கிரீட் சுவரில் துளை விழவில்லை. 40 வோல்ட்டுக்கு மாற வேண்டுமா?

மாற வேண்டாம். உங்களுக்குக் குறைவது வோல்ட் இல்லை, அடிக்கும் முறை. ஹாமர் டிரில்லின் உள்ளே பற்கள் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து சிறு அதிர்வைத் தருகின்றன. நீங்கள் உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தினால்தான் அது அடிக்கும். செங்கல் சுவருக்கு அது போதும். கான்கிரீட்டுக்கு வேண்டியது ரோட்டரி ஹாமர் என்னும் வேறு கருவி. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஓர் இரும்புக் குண்டைப் பிட்டின் பின்புறத்தில் ஓங்கி அடிக்கச் செய்கிறது. அதில் பொருத்தும் எஸ்.டி.எஸ். பிளஸ் என்னும் வகைப் பிட்டின் தண்டு 10 மில்லிமீட்டர் தடிமன் உடையது. பிட்டைப் பிடிக்கும் வாயான சக்கில் இறுகப் பிடிக்கப்படாமல் முன்னும் பின்னும் நகரக்கூடியதாக இருப்பதால், அடி முழுவதும் முனைக்குப் போய்ச் சேர்கிறது.

ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சித் தாங்கி பொருத்தப் போனபோது, வீட்டுக்காரர் கால் மணி நேரமாக ஹாமர் டிரில்லோடு போராடியிருந்தார். பிட்டின் முனை நீலம் பூத்துப் போயிருந்தது; சுவரில் நகக்கண் அளவுக்கு ஒரு குழிதான் விழுந்திருந்தது. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ரோட்டரி ஹாமரால் அதே குழியில் ஆறு மில்லிமீட்டர் துளையை அரை நிமிடத்துக்குள் முடித்தேன், அழுத்தவே தேவைப்படவில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று துளைகள்தாம் என்றால் அந்தக் கருவியை வாடகைக்கோ இரவலுக்கோ எடுங்கள். துளையிடும்போது பிட் திடீரென்று நின்று உலோகச் சத்தம் கேட்டால் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. துளையைச் சில சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள், கம்பியை அறுக்க முயலாதீர்கள். சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் கீழேயும் துளை போடவே கூடாது, வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு தம்பி: எந்த நிறுவனத்தின் கருவி சிறந்தது, ஐயா?

மக்கித்தா, போஷ், மில்வாக்கி, டிவால்ட் என்று பெயர் பெற்றவற்றுள் எதை எடுத்தாலும் டிரில் உங்களை ஏமாற்றாது. நீங்கள் தேர்ந்தெடுப்பது பேட்டரியை என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கருவியைப் பேட்டரி, சார்ஜரோடு வாங்கிவிட்டால் அடுத்தடுத்த கருவிகளை வெறுங்கருவியாகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். எனவே அடுத்த ஐந்து ஆண்டுகளில் என்னென்ன வாங்குவீர்கள் என்று எழுதி, அவை அனைத்தும் ஒரே பேட்டரி வகையில் கிடைக்கின்றனவா, பழுது பார்க்கும் இடம் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிறுவனம் என்பதால் எல்லாம் பொருந்திவிடும் என்றும் நம்பாதீர்கள். போஷின் நீல நிறத் தொழில்முறை வரிசையின் 18 வோல்ட் பேட்டரி அதன் பச்சை நிற வீட்டு வரிசையில் நுழையாது.

அதே தம்பி: அமெரிக்காவில் இருக்கும் மாமா மலிவாக வாங்கி வருகிறேன் என்கிறார்.

கருவியை வாங்கி வரட்டும், சார்ஜரை இங்கே வாங்குங்கள். அங்குள்ள சார்ஜர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது. நம் வீட்டு மின்சாரத்தில் செருகினால் அது அன்றைக்கே போய்விடும். உத்தரவாதமும் இங்கே செல்லாமல் போகக்கூடும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அன்பர்: இணையத்தில் பாதி விலைக்குப் பேட்டரி கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நான் ஒருமுறை அப்படி வாங்கினேன். 18 வோல்ட், கொள்ளளவு 6.0 ஆம்பியர்-மணி என்று அட்டையில் இருந்தது. கையில் எடுத்தவுடனேயே ஏதோ குறைகிறது என்று தோன்றியதால் சமையலறைத் தராசில் வைத்தேன். 400 கிராமைக்கூட எட்டவில்லை. வழக்கமான செல் ஒன்றே ஏறத்தாழ 45 கிராம் இருக்கும், அந்தக் கொள்ளளவுக்குப் பொதுவாகப் பத்துச் செல்கள் வேண்டும், ஆகவே செல்கள் மட்டுமே 450 கிராம் வரவேண்டும். அன்றே திருப்பி அனுப்பாமல் பயன்படுத்தியது என் தவறு. மூன்றாவது வாரம் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது, கை வைக்க முடியாத சூட்டில் அதன் பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் உப்பியிருந்ததை என் மகள்தான் முதலில் பார்த்தாள். நல்ல பேட்டரியில் செல்களின் அழுத்தத்தையும் சூட்டையும் கவனித்து, எல்லை மீறினால் துண்டித்துவிடும் மின்சுற்று இருக்கும். போலியில் பெரும்பாலும் அதுதான் விட்டுப் போயிருக்கும். பிள்ளைகள் உறங்கும் வீட்டில் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

பினாங்கிலிருந்து இளைஞர் குழு: தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். மின்சாரம் இல்லாத இடம். ஒரு பெரிய பேட்டரி நல்லதா, இரண்டு சிறியவை நல்லதா?

இரண்டு சிறியவை. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் உள்ளே இருக்கும் ஆற்றல் தெரியும்: 10.8 வோல்ட்டில் 2.0 என்றால் 21.6 வாட்-மணி, 18 வோல்ட்டில் 2.0 என்றால் 36. ஆகவே அந்தச் சிறியவை இரண்டு சேர்ந்தால் அந்தப் பெரியது ஒன்றைவிடக் குறையாது. ஒன்று கருவியில் இருக்கும்போது மற்றொன்றைப் பக்கத்துக் கடையில் சார்ஜ் போடலாம், ஒன்று கெட்டாலும் பந்தல் நிற்காது. நீளமான திருகுகளுக்கு இம்பாக்ட் டிரைவர், அதாவது சுழலும்போதே தட்டித் தட்டித் திருகை இறக்கும் கருவி, எடுத்துச் செல்லுங்கள். கை முறுகாமல் திருகு இறங்கும். ஆனால் அதன் சத்தம் காதைத் துளைக்கும் என்பதால் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தார் உறங்கும் நேரத்துக்கு முன்பே பலகை வேலையை முடித்துவிடுங்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் வைக்காமல், நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் விட்டுச் செல்லாதீர்கள், அந்தச் சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைத்துவிடும்.

திருவிழா முடிந்து பல மாதங்கள் தொடாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியைப் போல இதை முழுதாகத் தீர்த்துவிட்டுச் சார்ஜ் போட வேண்டியதில்லை. கருவியின் வேகம் தளர்வதாகத் தோன்றினால் அப்போதே கழற்றிவிடலாம்.