ஷூவைக் கழற்றினால் முழங்கால் வலி போய்விடுமா?

வெறுங்காலில் ஓடுவது பற்றி இந்த முறை நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: வயது 34. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. காலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். கொஞ்ச நாளாக முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்காலில் ஓடு, சரியாகிவிடும் என்கிறார் நண்பர். கேட்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. குதிகால் தடித்த ஷூ போட்டு ஓடுகிறவர்களில் பெரும்பாலானோர் காலை முன்னால் நீட்டி, குதிகாலை ஊன்றி இறங்குகிறார்கள். அந்த நொடியில் ஒரு திடீர் அதிர்ச்சி கால் எலும்பு வழியாக மேலே ஏறுகிறது. அதே ஆளை சிமென்ட் தரையில் வெறுங்காலில் ஓடச் சொல்லுங்கள், குதிகால் வலிக்கும் என்பதால் பெரும்பாலும் தானாகவே அடியைச் சுருக்கி முன்பாதத்திலோ முழுப் பாதத்திலோ இறங்க ஆரம்பிப்பார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழு 2010இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தே காட்டியது: முன்பாதத்தில் இறங்கும்போது அந்த முதல் மோதல் வெகுவாகக் குறைகிறது.

ஆனால் சுமை எங்கும் மறைந்துவிடாது, இடம்தான் மாறும். முழங்காலில் குறைவது கெண்டைக்காலுக்கும், குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கும் தசைநாணுக்கும், பாதத்தின் சிறிய எலும்புகளுக்கும் போகும். இத்தனை வருடம் ஷூவுக்குள் இருந்த கால் அதற்குத் தயாராக இருக்காது. அதனால் ஷூவை இப்போதைக்குக் கழற்றாமல், ஓடும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 160 வந்தால், வேகத்தைக் கூட்டாமல் அடிகளை மட்டும் 168, 170 என்று கொண்டு வாருங்கள், அதாவது அடியைச் சின்னதாக்குங்கள். ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே முழங்கால் மேல் விழும் பாரம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இறங்கும்போது பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால் போகாமல், முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள், தட் தட் என்று கேட்டால் இன்னும் பலமாகத்தான் மோதுகிறீர்கள். முழங்கால் வீங்கினாலோ மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடித்தானே ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்? (வாசகர், மதுரை)

பதில்: ஆமாம், 1960இல் ரோமில், 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் மாரத்தானை முடித்தார். அன்றைய உலகிலேயே அதுதான் சிறந்த நேரம். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, அதையும் விட மூன்று நிமிடம் விரைவாக முடித்து மறுபடி தங்கம் வாங்கினார். அவருடைய கால் எத்தியோப்பியாவில் வெறுங்காலோடு ஓடி உரமேறிய கால். அதைப் பார்த்து நாம் ஒரே வாரத்தில் ஷூவைக் கழற்றுவது நியாயம் இல்லை.

கேள்வி: எனக்கு வலி எதுவும் இல்லை, ஆசையாகத்தான் இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது? கடற்கரை மணலில் ஓடலாமா? (வாசகி, சென்னை)

பதில்: நல்ல ஆசை, தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் மெதுவாக. முதலில் வீட்டில் வெறுங்காலோடு நடமாடுங்கள், படிக்கட்டில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். அப்புறம் வழக்கமான ஓட்டம் முடிந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் வெறுங்காலில், வாரத்துக்கு இரண்டு நாள். கெண்டைக்கால் அடுத்த நாள் பிடித்துக்கொள்வது சகஜம், அது விட்ட பிறகுதான் அடுத்த முறை. இப்படியே சில மாதம் ஆகும், அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் பத்து வாரத்தில் ஐந்து விரல் ஷூவுக்கு (கையுறை மாதிரி விரல்கள் தனித்தனியாக இருக்கும், அடி மெல்லிய ஷூ) மாறியவர்களின் பாதங்களை எம்ஆர்ஐயில் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களின் எலும்பு மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது. விரிசலாக மாறக்கூடிய வீக்கம் அது. தசை சீக்கிரம் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் நிதானமாகத்தான் பழகும். பாதத்தின் மேல்புறம் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது என்றால் அன்றே நிறுத்துங்கள்.

மணலைப் பற்றி என் கருத்து, ஆரம்பத்தில் வேண்டாம். தளர்ந்த மணலில் குதிகால் புதைந்து தசைநாண் இழுபடும், அலை ஓரம் சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். சுத்தமான, வழவழப்பான கெட்டித் தரைதான் நல்ல ஆசிரியர், தப்பாக இறங்கினால் உடனே சொல்லிவிடும். வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள், சித்திரை மாதத் தார் ரோடு பாதத்தைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய் உண்டு. மொட்டை மாடியில் கூழாங்கல் பரப்பி வெறுங்காலோடு எட்டு வடிவ நடை போகிறார். நல்லதா? (வாசகி, திருச்சி)

பதில்: நடை நல்லது, வெறுங்கால் வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோயில் பாத நரம்புகளின் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், கல் குத்தியதோ தரை சுட்டதோ தெரியாமலே புண்ணாகிவிடும், அந்தப் புண் ஆறுவதும் கடினம். மெத்தென்ற ஷூ போட்டு அதே எட்டு நடையைச் சமதரையில் போகட்டும். தினமும் ராத்திரி அம்மாவின் பாதத்தை நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. வருடத்துக்கு ஒருமுறையாவது டாக்டரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: வெறுங்கால் மாதிரியே ஓட அடி மெல்லியதாகச் செய்யும் மினிமலிஸ்ட் ஷூ விலை அதிகமாக இருக்கிறது. ஹவாய் செருப்பில் ஓடினால் என்ன? (கல்லூரி மாணவர், நெல்லை)

பதில்: ஹவாய் வேண்டாம் தம்பி. செருப்பு கழன்று போகாமல் இருக்க விரல்களை இறுக்கிப் பிடித்தபடியே ஓட வேண்டியிருக்கும், கால் இயல்பாக விரியாது. மெக்சிகோ மலைகளில் இருக்கும் ரராமுரி மக்கள் பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பில் மைல் கணக்கில் ஓடுகிறார்கள், ஆனால் அது வாரால் கணுக்காலைச் சுற்றிக் கட்டியது. பெயருக்காக விலை கொடுக்காதீர்கள். கடையில் எந்த ஷூவாக இருந்தாலும் இதைப் பாருங்கள்: விரல்கள் நெருக்காமல் விரிய இடம், குதிகாலும் முன்பாதமும் ஏறக்குறைய ஒரே உயரம், கையால் மடக்கினால் மடங்கும் அடிப்பகுதி. சாதாரணக் கான்வாஸ் ஷூ சிலதிலேயே இது கிடைக்கும். பாதத் தசையை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்ற விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த, ஐந்து விரல் ஷூ தயாரிக்கும் வைப்ரம் நிறுவனம் அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்து, 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.