அப்பா சாப்பிடுற நாக பஸ்மமும் அந்த வயித்து வலியும்

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 58 வயசு, எட்டு வருஷமா சுகர். தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லி நாலு மாசமா நாக பஸ்மம்னு ஒரு பொடிய தேன்ல குழைச்சு சாப்பிடுறார். ஒரு மாசமா வயித்த பிசையிற மாதிரி வலி, மலச்சிக்கல், ஒரே அசதி. ஸ்கேன் நார்மல், எண்டோஸ்கோபி நார்மல், ஹீமோகுளோபின் மட்டும் 13ல இருந்து 9.6க்கு இறங்கிடுச்சு. பொடி குடுத்தவர்கிட்ட கேட்டா, அறுபது புடம் போட்டது, அதுல உலோகமே கிடையாதுன்னு சொல்லி தண்ணில மிதக்க விட்டும் காட்டுனார். நம்பலாமா?

பதில்: அந்தப் பொடிய இன்னைக்கே நிறுத்திடுங்கம்மா, நிறுத்திட்டு மீதிய படிங்க. சுகர் மாத்திரைய மட்டும் நிறுத்த வேண்டாம்.

நீங்க எழுதுனதுல என் கண்ணு நின்ன இடம் நாகம்ங்கிற அந்த ஒரு வார்த்தைதான். நம்ம சித்த மருத்துவத்துல நாகம்னா துத்தநாகம், ஜிங்க். ஆயுர்வேதத்துல நாகம்னா ஈயம், அதாவது லெட். அவங்க துத்தநாகத்த யசதம்னு சொல்வாங்க. ஒரே பேரு, ரெண்டு வேற உலோகம், ஒண்ணு உடம்புக்கு கொஞ்சமா தேவைப்படுறது, இன்னொண்ணு ஒரு துளி கூட தேவையில்லாதது. சுட்டு நீறாக்குன பொடிய, சித்த மருந்தா இருந்தா பற்பம்னு சொல்லியிருப்பாங்க, உங்களுக்கு பஸ்மம்னு வந்திருக்கு, அதுவும் சுகருக்குன்னு வந்திருக்கு. ரசசாஸ்திர நூல்கள்ல, அதாவது உலோகத்துல மருந்து செய்யுறத சொல்ற ஆயுர்வேத நூல்கள்ல, ஈய பஸ்மத்த பிரமேகத்துக்கு, அதாவது சுகரும் சேர்ந்த சிறுநீர் கோளாறுகளுக்கு சொல்லியிருக்கு, அதனால எனக்கு ஈயத்து மேலதான் சந்தேகம். அப்பாவோட தொந்தரவு எல்லாமும் அதுக்கே பொருந்துது.

பொடி குடுத்தவர் பொய் சொல்றார்னு நான் சொல்லல. அவர் சொல்ற வேலை நிஜமாவே பெரிய வேலை. ஈயத்த உருக்கி சுண்ணாம்புத் தெளிநீர்ல ஊத்தணும், கொதிக்கிற ஈயம் தண்ணில பட்டதும் வெடிச்சு தெறிக்கும், அதனால ஓட்டை போட்ட மூடி வச்ச சட்டில தள்ளி நின்னு ஊத்துவாங்க, இப்படி ஏழு தடவ. அப்புறம் கல்வத்துல, அதாவது மருந்து அரைக்கிற கல்லுல போட்டு சாறு விட்டு அரைச்சு, வில்லை தட்டி காயவச்சு, அகல்ல வச்சு மேல இன்னொரு அகல் மூடி களிமண் தோய்ச்ச துணிய (சீலைமண்) சுத்தி, வறட்டி அடுக்கி எரிச்சு புடம் போடுவாங்க, ஆறுனதும் எடுத்து திரும்ப அரைக்கணும், இதே மாதிரி அறுபது தடவ. பாதரசத்துக்குன்னா எட்டு சம்ஸ்காரம், அதாவது எட்டு சுத்தி முறை, கந்தகத்தோட சேத்து கறுப்பா கஜ்ஜளி ஆகுற வரைக்கும் அரைப்பு, அதுக்கப்புறம்தான் மத்த வேலையே. 13ஆம் நூற்றாண்டு வாக்குல தொகுத்த ரசரத்ன சமுச்சயம்ங்கிற நூல்ல இதெல்லாம் விரிவா இருக்கு. இத்தன பொறுமையா வேலை பாத்தவங்க மேல எனக்கு மரியாதை உண்டு.

தேர்வும் வச்சிருந்தாங்க. பொடிய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தேய்ச்சா ரேகைக்குள்ள போய் உக்காரணும், தண்ணில மிதக்கணும், வெயில்ல காட்டினா மினுமினுப்பு தெரியக்கூடாது, நெய் தேன் வெண்காரம் மாதிரி சரக்குகளோட திரும்ப சூடு பண்ணாலும் பழைய உலோகமா மாறக்கூடாது. இதுல தேறுனா பொடி ரொம்ப நைஸா இருக்கு, உலோகம் வேற சேர்மமா மாறிடுச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். வேற சேர்மம் ஆனாலும் உள்ள இருக்கிறது ஈயம்தாம்மா. எத்தன புடம் போட்டாலும் நெருப்பால ஒரு தனிமத்த இன்னொரு தனிமமா மாத்த முடியாது. பஸ்மத்துல ஈயம் பெரும்பாலும் சல்ஃபைடாவோ ஆக்சைடாவோ இருக்கும், வயித்து அமிலத்துல அதுல ஒரு பங்கு கரைஞ்சு ரத்தத்துல சேரும், பொடி எவ்வளவு நைஸோ அவ்வளவு சுலபமா கரையும். மிதக்குறத பாத்து நாம நிம்மதி ஆகுறோம், நெசத்துல அந்த நைஸ்தான் எனக்கு கவலை.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 125 மில்லிகிராம் சாப்பிடுறார்னு வைங்க, அது முழுக்க லெட் சல்ஃபைடுன்னா அதுல நூறு மில்லிகிராமுக்கு மேல வெறும் ஈயம். மூலிகை மருந்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு ஒரு கிலோ மருந்துல 10 மில்லிகிராம்.

நான் பாத்த ஒரு பேஷண்ட்டுக்கும் இதே கதைதான், வயித்து வலின்னு நாலு டாக்டர் மாறி, குடல்வால் ஆபரேஷன் வரைக்கும் பேசி, கடைசில வாய திறக்க சொல்லி பாத்தப்ப பல்லும் ஈறும் சேர்ற ஓரத்துல பென்சில்ல கோடு இழுத்த மாதிரி நீலக்கறுப்பா ஒரு வரி. அப்புறம்தான் பொடி ஏதாவது சாப்பிடுறீங்களான்னு கேட்டேன், முதல் நாளே கேட்டிருக்கணும். அப்பாவுக்கும் டார்ச் அடிச்சு பாருங்க, ஆனா கோடு இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு விட்டுடாதீங்க, நிறைய பேருக்கு அது வராது.

செய்ய வேண்டியது ரத்தத்துல பிளட் லெட் லெவல். சாதாரண லேப்ல இருக்காது, பெரிய லேப்ல சாம்பிள் எடுத்து அனுப்புவாங்க. கூடவே ரத்த அணுக்கள மைக்ரோஸ்கோப்ல பாக்குற பெரிஃபெரல் ஸ்மியர், கிட்னிக்கு கிரியாட்டினினும் யூரின்ல புரோட்டீனும், இரும்புச்சத்து இருப்புக்கு ஃபெரிட்டின். இரும்புச்சத்தும் கால்சியமும் கம்மியா இருந்தா குடல் ஈயத்த இன்னும் அதிகமா உறிஞ்சும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் தாண்டுனாலே எங்கேர்ந்து வருதுன்னு தேடி நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லிருக்கு. வயித்து வலி வர்ற அளவுன்னா பெரும்பாலும் அதுக்கு பல மடங்கு மேல இருக்கும். அளவையும் தொந்தரவையும் பாத்து ஈயத்த பிடிச்சு வெளியேத்துற மருந்து தேவையான்னு முடிவு பண்ணுவோம், அது ஆஸ்பத்திரில டாக்டர் பாத்து குடுக்க வேண்டியது. விளக்கெண்ணெய் குடிச்சு கழிச்சா போயிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஈயம் எலும்புல போய் உக்காந்துக்கும், பல வருஷம் அங்கயே இருக்கும். கடுமையான தலைவலி, குழப்பம், வலிப்பு, மணிக்கட்டு தொங்கிப் போறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் ரிசல்ட்டுக்கு காத்திருக்காம அன்னைக்கே அட்மிட் பண்ணுங்க.

மிச்சம் இருக்கிற பொடிய கொட்டிடாதீங்க, மூடி போட்ட டப்பாவுல எடுத்துட்டு போங்க, அதையும் டெஸ்டுக்கு அனுப்பலாம். பாதரசம், ஆர்சனிக் இருக்கிற தாளகம், மனோசிலை சேர்ந்த ஆயுர்வேத சித்த மருந்துன்னா மருத்துவர் மேற்பார்வையில சாப்பிடணும்னு லேபிள்ல எச்சரிக்கை போடணும்னு நம்ம நாட்டு சட்டத்துலயே இருக்கு. உங்களுக்கு வந்தது லேபிளே இல்லாத பொட்டலமா இருந்தா அதுல வேற என்ன கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதனால மெர்க்குரி, ஆர்சனிக்கும் சேத்து பாக்க சொல்லுங்க.

வீட்டுல வேற யாராவது ஒரு சிட்டிகை சாப்பிட்டிருந்தா, முக்கியமா குழந்தைங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, அவங்களுக்கும் அதே ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. குழந்தைங்க குடல் பெரியவங்களவிட பல மடங்கு ஈயத்த உறிஞ்சும், கர்ப்பத்துல நேரா சிசுவுக்கே போகும். தேன் குழைச்ச அந்த கிண்ணத்தயும் ஸ்பூனையும் தனியா எடுத்து வச்சிடுங்க, ரிப்போர்ட் வந்ததும் நம்பர எழுதுங்க.